அங்கோர் வாட் குரூப் டூர்: அட்வான்ஸ் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

‘3 இரவு, 4 பகல், 9 இடங்கள், இந்திய உணவு, தமிழ் பேசும் டூர் மேனேஜர்!’

இப்படி ஒரு விளம்பரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால் போதும். ‘அப்பா, அம்மாவை ஒருமுறையாவது அங்கோர் வாட் கூட்டிப்போகணும்’ என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். தலைக்கு எவ்வளவு, ஐந்து பேருக்கு எவ்வளவு, லீவு கிடைக்குமா, பாஸ்போர்ட் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பேச்சு நீளும்.

அந்தப் பேச்சில் பெரும்பாலும் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘கோயிலுக்குள்ள மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கப்போறோம்?’

பீச்சுக்கோ தீம் பார்க்குக்கோ போகும் பயணத்தில் இந்தக் கேள்வி பெரிதில்லை. ஆனால், 800, 900 வருடப் பழைமையான இடங்களைப் பார்க்கப் போகும்போது எல்லாமே இதில்தான் இருக்கிறது. கல் தானாகப் பேசாது. நின்று பார்க்க நேரமும், எடுத்துச் சொல்ல ஆளும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கைச் செலவழித்து, செல்ஃபியோடு திரும்பி வர வேண்டியதுதான்.

கம்போடியாவின் அங்கோர் பயணத்தை எப்படித் திட்டமிடலாம், பேக்கேஜ் காகிதத்தை எப்படிப் படிக்கலாம் என்று பார்ப்போம்.

அங்கோர் என்பது ஒரே ஒரு கோயில் இல்லை

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘அங்கோர்’ என்பது 9-ம் நூற்றாண்டு முதல் 15-ம் நூற்றாண்டு வரை கெமர் பேரரசின் தலைநகரங்கள் இருந்த பகுதி. இன்றைய தொல்லியல் பூங்கா சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1992-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னமானது. அங்கோர் வாட், இந்தப் பரப்பில் இருக்கும் கோயில்களில் மிகப் பெரியது. அவ்வளவுதான்.

தங்கும் ஊர் சியெம் ரீப். அங்கிருந்து அங்கோர் வாட் பக்கம்தான், சுமார் 6 கிலோமீட்டர். அதற்கு வடக்கே அங்கோர் தோம் என்ற மதில் சூழ்ந்த நகரம். அதன் நடுவில் முகங்கள் செதுக்கிய கோபுரங்களைக் கொண்ட பயோன். கிழக்கே, மரவேர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தா ப்ரோம். சியெம் ரீப்பில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர் போனால், சிற்ப வேலைப்பாட்டுக்குப் பேர்போன பாந்தே ஸ்ரேய்.

பேக்கேஜில் ‘அங்கோர் வாட் கோயில்கள்’ என்று மட்டும் இருந்தால் இவற்றில் எது எது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

4 பகல் எப்படி ஒரு பகல் ஆகிறது?

அந்த ‘3 இரவு, 4 பகல், 9 இடங்கள்’ திட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதல் நாள் விமானப் பயணம். சென்னையில் இருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற ஊர்களில் விமானம் மாறுகிறார்கள். சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. முன்பு இருந்ததைப்போல ஊருக்குப் பக்கத்தில் இல்லை. 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். குடிநுழைவுச் சோதனை முடிந்து, பெட்டி எடுத்து, பஸ் ஏறி, ஹோட்டலில் அறை சாவி வாங்கும்போது முதல் நாள் முடிந்துவிடும். நான்காம் நாள் திரும்பும் விமானம். ஆக, கையில் இருப்பது இரண்டு முழு நாள்கள்.

இந்த இரண்டு நாளில்தான் 9 இடங்களும். டோன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமத்துக்கு அரை நாள். குலேன் மலை அருவிக்குப் போனால் இன்னொரு அரை நாள், சில சமயம் அதற்கும் மேல். இடையில் மார்க்கெட், கைவினைப் பொருள் கடை, மசாஜ், பப் ஸ்ட்ரீட். எல்லாம் போக, கோயில்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளில் அங்கோர் வாட், பயோன், தா ப்ரோம் மூன்றையும் முடிக்க வேண்டும். அங்கோர் வாட்டில் மட்டும் அகழியைத் தாண்ட சுமார் 190 மீட்டர், மேற்கு வாசலில் இருந்து கோயிலுக்கு இன்னொரு 350 மீட்டர் நடக்க வேண்டும். திரும்பி வரவும் அதே தூரம். 30, 40 பேர் கொண்ட குழுவில், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் நடப்பதற்கும் ஆளைச் சேர்ப்பதற்கும் போட்டோவுக்குமே அது சரியாகிவிடும். சிற்பங்களைப் பார்க்க நேரம் எங்கே?

இது ஏமாற்று வேலை இல்லை. விளம்பரத்தில் போட்டபடி 9 இடங்களுக்கும் அழைத்துப்போய்விடுவார்கள். எண்ணிக்கையைப் பார்த்து நாம்தான் மயங்கிவிடுகிறோம்.

ஒரே கேள்வியில் உண்மை தெரியும்

டூர் நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: ‘எங்களுக்கு எடுக்கிறது எத்தனை நாள் டிக்கெட்?’

அங்கோர் தொல்லியல் பூங்காவில் வெளிநாட்டினருக்கு மூன்று வகை டிக்கெட். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர். 2017-ல் வந்த கட்டணம் இது. மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து மூன்று நாள் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. 10 நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போகலாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. வயதைக் காட்ட பாஸ்போர்ட் வேண்டும். டிக்கெட்டில் நம் போட்டோ அச்சாகும். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது.

‘ஒரு நாள் டிக்கெட்’ என்று பதில் வந்தால், மீதி நாள்களில் கோயில் இல்லை என்று அர்த்தம். ஒரு நாளுக்கும் மூன்று நாளுக்கும் வித்தியாசம் 25 டாலர்தான். லட்சத்தைத் தொடும் செலவில், இந்தத் தொகையை மிச்சம் பிடிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ‘வித்தியாசத்தை நாங்க கட்டுறோம், மூணு நாள் டிக்கெட்டா போடுங்க, அருவியை எடுத்துடுங்க’ என்று கேட்கலாம். ஒரே குடும்பமாகவோ தெரு நண்பர்களாகவோ 10, 15 பேர் சேர்ந்து போகும்போது பல நிறுவனங்கள் இதற்கு ஒப்புக்கொள்ளும்.

கோயிலுக்கு மூன்று நாள் கிடைத்தால்...

முதல் நாள்: காலையில் அங்கோர் தோம் நகர வாசல், பயோன். மதியம் ஓய்வு. பிற்பகலில் அங்கோர் வாட். இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகல் வெளிச்சம் முகப்பில் நன்றாக விழும்.

இரண்டாம் நாள்: விடிகாலையில் மறுபடி அங்கோர் வாட். காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். தாமரைக் குளத்தின் ஓரத்தில் சூரிய உதயம் பார்க்கப் பெரும் கூட்டம் கூடும். உதயம் முடிந்ததும் பெரும்பாலானோர் காலை உணவுக்காக ஹோட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். கையில் பிஸ்கட், பழம் வைத்துக்கொண்டு அப்படியே உள்ளே போகிறவர்களுக்குச் சிற்ப மண்டபங்கள் கூட்டமில்லாமல் கிடைக்கும். பிறகு தா ப்ரோம்.

மூன்றாம் நாள்: காலையில் பாந்தே ஸ்ரேய். நேரமும் தெம்பும் இருந்தால் வழியில் இன்னொரு சிறு கோயில். பிற்பகலில் மிதக்கும் கிராமமோ மார்க்கெட்டோ.

இதற்கு 4 இரவுத் தங்கல் தேவைப்படும். மூன்று இரவுதான் முடியும் என்றால், அருவியையும் ஏரியையும் விட்டுவிட்டு இரண்டு நாளையும் கோயில்களுக்கே கொடுக்கலாம்.

எங்கே நிற்க வேண்டும்?

அங்கோர் வாட்டைக் கட்டத் தொடங்கியது இரண்டாம் சூரியவர்மன். காலம் 12-ம் நூற்றாண்டின் முற்பாதி. விஷ்ணுவுக்காகக் கட்டப்பட்டு, பிறகு பௌத்த வழிபாட்டுக்கு மாறியது. இன்றும் பிக்குகளும் உள்ளூர் பக்தர்களும் வந்து வழிபடுகிறார்கள். மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு நிற்கும் பெரிய விஷ்ணு சிலைக்கு, ‘தா ரீச்’ என்ற பெயரில் உள்ளூர் மக்கள் பழமும் பூவும் வைப்பதைப் பார்க்கலாம்.

உள்ளே, சுற்று மண்டபச் சுவர்களில் நீளநீளமான புடைப்புச் சிற்பங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சுவர்கள் புதிதாகவே இருக்காது. மேற்கு மண்டபத்தின் தென்பகுதியில் குருக்ஷேத்திரப் போர். அம்புப் படுக்கையில் பீஷ்மர். அதே மண்டபத்தின் வடபகுதியில் இலங்கைப் போர். அனுமன் தோள்மேல் நின்று வில் ஏந்தும் ராமன், எதிரே பத்துத் தலையோடு ராவணன். தெற்கு மண்டபத்தில் சூரியவர்மனின் அரச ஊர்வலம், அடுத்து 37 சொர்க்கங்கள், 32 நரகங்கள். எருமை மேல் எமன். கணக்குப் பார்க்கும் சித்திரகுப்தனும் உண்டு!

கிழக்கு மண்டபத்தில் பாற்கடல் கடையும் காட்சி. கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். ஒருபக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள். நடுவில் விஷ்ணு. ‘இந்தக் கதை எனக்குத் தெரியுமே’ என்று அம்மா பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பிக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். குழு வேகவேகமாக நடுக்கோபுரத்துக்கு ஓடினால் இந்தச் சுவர் தவறிப்போகும். கிழக்குப் பக்கம் சுற்றிப் போக வேண்டும் என்பதால் அவசரத் திட்டங்களில் முதலில் அடிபடுவதும் இதுதான்.

இன்னொரு செய்தி. நம் கோயில்களில் வலமாகச் சுற்றிப் பழகிய நமக்கு, இங்கே சிற்பங்கள் இடமாகச் சுற்றிப் பார்க்கும்படி அமைந்திருப்பது வித்தியாசமாகத் தெரியும். இதையும் மேற்குப் பார்த்த வாசலையும் வைத்து, இது மன்னரின் நினைவாலயமாகவும் கருதப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள்.

பயோன், ஏழாம் ஜெயவர்மன் காலத்துக் கோயில். எல்லோரும் அண்ணாந்து பெரிய முகங்களைப் பார்ப்பார்கள். கீழே வெளிச்சுவரையும் பாருங்கள். சந்தை, சேவல் சண்டை, மீன்பிடிப்பு, அடுப்படி வேலை, பிரசவம் என 800 ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கை அங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

தா ப்ரோம், அதே ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186-ல் அமைத்தது. அங்கே கிடைத்த கல்வெட்டு, கோயிலுக்கு உள்ளேயே 12,640 பேர் வாழ்ந்ததாகவும், 615 நடனப் பெண்கள் இருந்ததாகவும் கணக்குச் சொல்கிறது. ஒரு கோயில் எப்படி ஓர் ஊராகவே இருந்தது என்பதை இந்த எண்களோடு கேட்டால், மரவேர் போட்டோவைத் தாண்டி அந்த இடம் புரியும். இங்கே சீரமைப்புப் பணியைச் செய்துவருவது நம் இந்தியத் தொல்லியல் துறை. 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டிலும் இந்தத் துறை வேலை செய்திருக்கிறது.

காரைக்கால் அம்மையார் அங்கே எப்படி?

தமிழ்க் குடும்பங்கள் தவறவிடக் கூடாத இடம் பாந்தே ஸ்ரேய். 967-ல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவர் மன்னர் இல்லை. யக்ஞவராகர் என்ற அரச குரு. சிவந்த மணற்கல்லில் மரச் சிற்பம்போல அத்தனை நுணுக்கமான வேலை. ராவணன் கயிலையை அசைக்கும் காட்சி, மன்மதனைச் சிவன் எரிக்கும் காட்சி எல்லாம் இங்கே உண்டு.

ஒரு வாசல் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். இவரைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். 63 நாயன்மார்களில் ஒருவர், கடல் கடந்து ஒரு கெமர் கோயிலின் நெற்றியில்! அண்ணாந்து பார்க்கச் சொல்ல ஆள் இல்லையென்றால் யாருக்கும் கண்ணில் படாத உருவம் அது. குழுவில் யாராவது தெரிந்துவைத்துக்கொண்டு போய் கைடிடம் கேட்டால், அவரே மகிழ்ச்சியாகக் காட்டுவார்.

1923-ல் இந்தக் கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துப்போக முயன்று பிடிபட்டவர் ஆந்த்ரே மால்ரோ. பின்னாளில் புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளராகி, அந்த நாட்டின் கலாசார அமைச்சராகவும் ஆனவர்!

குறைந்த நாள் பேக்கேஜ்களில் தூரத்தைக் காரணம் காட்டி முதலில் விடுபடும் பெயரும் பாந்தே ஸ்ரேய்தான். இது இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

‘தமிழன் கட்டியது’ என்று சொல்லும் கைடு

‘அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன்’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் உண்மை இல்லை. கட்டியவர்கள் கெமர் மன்னர்கள், உழைத்தவர்கள் அந்த மண்ணின் மக்கள். ‘வர்மன்’ என்ற பெயர் முடிவைப் பார்த்துப் பல்லவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சம்ஸ்கிருத அரச விருதுப் பெயர். பல நாட்டு மன்னர்கள் சூட்டிக்கொண்டது. அங்கோர் கல்வெட்டுகள் சம்ஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன.

இல்லாத பெருமை எதற்கு? உண்மையான உறவே போதுமான அளவு இருக்கிறது. கெமர் எழுத்து, பல்லவர் கால எழுத்தின் வழியில் வந்தது. சோழன் ராஜேந்திரனின் நட்பை நாடிக் காம்போஜ மன்னர் தேர் ஒன்றை அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ மன்னர் அளித்த ஒரு கல், சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை 1114-ம் ஆண்டுக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அங்கோர் வாட் எழுந்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். சிதம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கோருக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுவாரஸ்யம்!

நல்ல கைடு இதைச் சொல்வார். கைதட்டல் வாங்க நினைக்கும் கைடு வாட்ஸ்அப் கதையைச் சொல்வார். பிள்ளைகள் எதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பதும் இந்தப் பயணத்தின் பலன்தான்.

டூர் மேனேஜர் வேறு, கைடு வேறு

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கிருந்து கூடவே வருபவர் டூர் மேனேஜர். விமானம், ஹோட்டல், சாப்பாடு, ஆள் எண்ணிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. கோயிலில் விளக்கம் சொல்ல வேண்டியவர் உள்ளூர் கைடு. அங்கோரில் கைடாக வேலை செய்ய அந்த நாட்டுச் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வேண்டும்.

‘தமிழில் விளக்கம்’ என்று காகிதத்தில் இருந்தால், சொல்லப்போவது யார் என்று கேளுங்கள். உரிமம் பெற்ற கைடு ஆங்கிலத்தில் சொல்ல, டூர் மேனேஜர் தமிழில் எடுத்துச் சொல்வார் என்றால் நல்லதுதான். ஆனால் அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 40 பேருக்கு ஒரே கைடு என்றால் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. காதில் மாட்டும் கருவி தருவார்களா, குழுவை இரண்டாகப் பிரிப்பார்களா என்று முன்பே பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாற்கடல் கதை, குருக்ஷேத்திரம், ஜெயவர்மன் யார் என்று அரை மணி நேரம் பேசினால் போதும். அங்கே போனதும் கைடு சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முட்டி வலி இருக்கிறவர்கள் என்ன செய்யலாம்?

‘அவ்வளவு தூரம் போய் மேலே ஏறாம வந்துட்டோமே’ என்ற வருத்தம் பெரியவர்களுக்கு வரக் கூடாது. எனவே, எங்கே ஏற வேண்டும், எங்கே வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அங்கோர் வாட்டின் சிற்ப மண்டபங்களுக்குச் சில படிகள் போதும். உச்சியில் இருக்கும் ‘பாகன்’ என்ற மேல் தளத்துக்குத்தான் செங்குத்தான படிக்கட்டு. கைப்பிடி இருந்தாலும் இறங்கும்போது பயமாக இருக்கும். 12 வயதுக்கு உட்பட்டவர்களையும் கர்ப்பிணிகளையும் அனுமதிப்பதில்லை. பௌத்த விரத நாள்களில் மூடியிருக்கும். மேலே ஏறாவிட்டாலும் கதை சொல்லும் சுவர்கள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன என்பதை அம்மா, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பயோனிலும் தா ப்ரோமிலும் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். பாந்தே ஸ்ரேய் சிறிய, சமதளக் கோயில், பெரியவர்களுக்கு ஏற்றது. சூரிய அஸ்தமனத்துக்குப் பெயர்பெற்ற பனோம் பாக்கெங் குன்று ஏற்றம். அங்கே ஒரு நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி. ஏறிப்போய்க் காத்திருப்பதைவிட, பெரியவர்கள் அங்கோர் வாட் அகழிக் கரையில் உட்கார்ந்து மாலை வெளிச்சத்தைப் பார்க்கலாம்.

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம் வேண்டும். நம் சேலை, சுடிதார், வேட்டிக்குப் பிரச்னை இல்லை. ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ் போடும் பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு, மழையும் இல்லை. கூட்டமும் அப்போதுதான் அதிகம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கூட்டம் குறைவு, அகழிகள் நிறைந்து பச்சைப்பசேல் என்று இருக்கும்.

நம் பள்ளிக்கூடங்களுக்கு முழு ஆண்டு லீவு விடும் ஏப்ரல்தான் அங்கே கடும் வெயில் மாதம். அப்போதுதான் போக முடியும் என்றால், காலை 11 மணிக்குள் கோயிலை முடித்து, மதியம் அறையில் ஓய்வெடுத்து, 3 மணிக்கு மேல் மறுபடி கிளம்பும்படி திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் நடுவில் இன்னொரு விசேஷம். கெமர் புத்தாண்டும் நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருகிறது. அந்தச் சில நாள்களில் சியெம் ரீப்பே திருவிழாக்கோலமாக இருக்கும். கோயிலை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்க்கலாம்.

சாப்பாடும் பணமும்

சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. கெமர் சமையலில் மீன் சாஸும் ‘ப்ரஹோக்’ என்ற புளிக்கவைத்த மீன் விழுதும் சகஜம். காய்கறி மட்டும்தான் என்று தட்டில் தெரிந்தாலும் உள்ளே மீன் சாஸ் இருக்கலாம். சுத்த சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. ‘மீன் சாஸும் வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும்.

அங்கே ரியெல்தான் நாட்டுப் பணம் என்றாலும் அமெரிக்க டாலரும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. கிழிந்த, கறை பட்ட டாலர் நோட்டுகளை வாங்க மாட்டார்கள். சின்னச் சின்ன நோட்டுகளாக, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாவை ஆன்லைனில் இ-விசாவாக எடுக்கலாம். அரசு இணையதளத்தைப்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும், முகவரியைச் சரிபாருங்கள். விமானத்தில் போகிறவர்கள் இ-அரைவல் படிவத்தையும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது ‘டி.சி.எஸ்’ என்ற பெயரில் ஒரு தொகையைச் சேர்த்து வாங்குவார்கள். இது கூடுதல் செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் வருமான வரி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதற்கான சான்றிதழை மறக்காமல் வாங்கிவிடுங்கள். அப்பா, அம்மாவுக்கும் சேர்த்து மகனோ மகளோ பணம் கட்டும்போது யாருடைய பான் எண் போகிறது என்பதையும் பாருங்கள்.

தாய்லாந்தையும் கம்போடியாவையும் சேர்த்துப் போடும் பேக்கேஜ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2025-ல் இரு நாட்டு எல்லையில் மோதல் வெடித்து, தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டன. பாங்காக்கில் இருந்து பஸ்ஸில் அழைத்துப்போகிறோம் என்றால், அன்றைய நிலவரம் என்ன, வழி மூடியிருந்தால் விமான டிக்கெட் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுறுத்தலையும் புறப்படும் முன் பாருங்கள்.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க 10 கேள்விகள்

1. அங்கோர் டிக்கெட் எத்தனை நாளுக்கு? கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா?

2. எந்தெந்தக் கோயில்? ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம்?

3. பாந்தே ஸ்ரேய் இருக்கிறதா?

4. உரிமம் பெற்ற உள்ளூர் கைடு எல்லா நாளும் கூடவே இருப்பாரா, ஒரு நாள் மட்டுமா?

5. ஒரு கைடுக்கு எத்தனை பேர்?

6. மதிய வெயிலில் ஓய்வு நேரம் உண்டா?

7. ஹோட்டல் சியெம் ரீப் ஊருக்குள்ளா, வெளியிலா? பெயர் என்ன?

8. விசா, டிப்ஸ், விமான நிலைய வாகனம் இவற்றில் எது சேர்ந்தது, எது சேராதது?

9. பயணக் காப்பீட்டில், பெரியவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கும் பாதுகாப்பு உண்டா?

10. ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு பணம் திரும்பும்?

பதில்களை போனில் கேட்டுவிட்டு விடாமல், மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று நிறுவனங்களிடம் இதே 10 கேள்விகளைக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலை குறைவாகத் தெரிந்த பேக்கேஜ் ஏன் குறைவு என்பது புரியும்.

கடைசியாக ஒன்று. பேக்கேஜைத் தேர்வு செய்வதற்கு முன், யாருக்காக இந்தப் பயணமோ அவர்களிடமே ‘உங்களுக்கு என்ன பார்க்கணும்?’ என்று கேளுங்கள். மேல் தளத்தில் ஏறுவதைவிட, பாற்கடல் சுவரின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அம்மாவின் ஆசையாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.